எங்கள் ஐயர் ஒரு மாதம் விடுப்புக் கேட்கிறார்: கமிட்டி என்ன பதில் சொல்வது?

சேகரச் செயலர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென் மாவட்டத்தில் ஒரு சேகரத்தின் கமிட்டிச் செயலராக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு தலைமை ஆலயம், சுற்றிலும் ஒன்பது கிராமச் சபைகள், எல்லாவற்றுக்கும் குருவானவர் ஒருவரே. அவரைத்தான் ஐயர் என்கிறோம். சில சபைகளில் குருப்பட்டம் இல்லாத ஊழியரான உபதேசியார் இருக்கிறார், சிலவற்றில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

ஐயர் கடந்த கூட்டத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்ததும் ஒரு மாத விடுப்பு வேண்டும். அதன்பின் வாரந்தோறும் திங்கட்கிழமை தனக்கு ஓய்வு நாளாக இருக்க வேண்டும். காரணம் என்று இரண்டே வார்த்தை: "மிகுந்த சோர்வு". கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர், "மேய்ப்பனுக்கு விடுமுறை என்றால் ஓநாய்க்கும் விடுமுறை விடச் சொல்லுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் கை கொடுப்பார். இப்போது பக்கக் கதவு வழியாக நேரே குருமனைக்கு, அதாவது சபை அவருக்குக் கொடுத்திருக்கும் வீட்டுக்கு, போய்விடுகிறார். சென்ற மாதம் திருவிருந்து முடிந்தபின் கிண்ணத்தைத் துடைக்கத் தொடங்கியவர், பாடகர் குழு கீர்த்தனையை முடித்து மறுபடியும் முதலிலிருந்து பாடும்வரை அதையே துடைத்துக்கொண்டு நின்றார். பிரசங்கம் பழைய நோட்டிலிருந்து வருகிறது. அது தவறில்லை, ஆனால் பக்கத்தைத் திருப்பும்போது எந்த வாக்கியத்தில் விட்டோம் என்று தேடுகிறார்.

இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு அவர்தான் தாளாளர். சபை நிலத்தின் மீது ஒரு வழக்கு நடக்கிறது, அதற்கும் அவரே போகிறார். உங்கள் சபைகளில் இப்படிக் கேட்டால் என்ன செய்கிறீர்கள்? அடுத்த கூட்டத்துக்குள் ஏதாவது ஒரு தீர்மான வரைவு வேண்டும்.

பழைய மூப்பர்:

செயலர் தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் கமிட்டியில் இருந்தவன். எங்கள் காலத்து ஐயர்மார் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். மழையில் நனைந்து வந்து, அதே உடையோடு அடக்க ஆராதனை நடத்தியவரைப் பார்த்திருக்கிறேன். யாரும் சோர்வு என்று கடிதம் கொடுத்ததில்லை. "மிகவும் சந்தோஷமாய் நான் செலவுபண்ணவும் செலவுபண்ணப்படவும் விரும்புகிறேன்" என்று பவுல் எழுதினாரே, அவர் யாரிடம் விடுப்புக் கேட்டார்? ஊழியம் அரசாங்க உத்தியோகம் அல்ல. அது அழைப்பு. ஜெபம் குறைந்தால் சோர்வு வரும், அவ்வளவுதான்.

நிர்வாகி:

இந்த உரையாடல் இழை சூடாகும் என்று தெரிகிறது. ஆள் பெயர், சபைப் பெயர், திருமண்டலப் (பல சேகரங்கள் சேர்ந்த மேல் அமைப்பு) பெயர் எதுவும் வரக்கூடாது. வந்தால் பதிவை எடுத்துவிடுவேன்.

தாதி:

மனநலப் பிரிவில் பல வருடங்களாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். மூப்பர் ஐயா மீது மரியாதை உண்டு, ஆனால் "ஜெபம் குறைந்தால்" என்ற பேச்சு எத்தனை பேரை மருத்துவமனைக்குத் தாமதமாக வர வைக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

செயலர் சொன்ன அடையாளங்களைக் கவனியுங்கள். பிறருக்கு உதவும் வேலையில் இருப்பவர்கள் இப்படி எரிந்து ஓய்ந்துபோவதை 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் முதலில் எழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைப் பார்த்துதான் எழுதினார். சம்பளத்துக்காக வந்தவர்கள் அல்ல, மனம் உருகி வந்தவர்கள். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்க ஒரு வழி வகுத்தார். அவர் சொல்லும் கூறுகள் மூன்று: தீராத களைப்பு, யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகி வெறுத்துப்போவது, நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். பக்கக் கதவு வழியாகப் போவதை நான் இரண்டாவதில் சேர்ப்பேன். அது திமிர் அல்ல. இன்னும் ஒரு முகத்தைப் பார்த்தால், இன்னும் ஒரு பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமே என்ற பயம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இதைச் சேர்த்திருக்கிறது. நோய் என்று அல்ல, வேலையோடு பிறக்கும் ஒரு நிலை என்று; நெடுநாள் வேலை அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்று. எனவே ஐயருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலையை அப்படியே விட்டுவைத்தால் எதுவும் மாறாது. அதேசமயம் இது மனச்சோர்வு நோயாக முற்றியிருக்கவும் கூடும். தூக்கம் போய்விட்டதா, விடியற்காலையில் விழித்துக்கொள்கிறாரா, சாப்பாடு இறங்குகிறதா, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வருகிறதா என்று யாராவது நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் கமிட்டித் தீர்மானம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இலவசம், தமிழிலும் பேசலாம்.

உடம்பையும் மறக்காதீர்கள். ஒரு நாளில் ஏழெட்டு வீடு சந்திக்கிற குருவானவருக்கு ஏழெட்டு வீட்டிலும் சீனி போட்ட காபி. டிசம்பரில் கூடவே கேக்கும் முறுக்கும். வேண்டாம் என்றால் "எங்கள் வீட்டில் மட்டும் சாப்பிட மாட்டாரா?" என்ற பேச்சு. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே அதிரசம் சாப்பிடுகிற ஐயர்மாரை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வட கரோலினாவின் மெதடிஸ்ட் போதகர்களை டியூக் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்தது. அங்கும் பொதுமக்களைவிட அவர்களிடம் உடற்பருமனும் மனச்சோர்வும் கூடுதல்தான்.

பழைய மூப்பர்:

அம்மா, படித்தவர் சொல்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்க்கச் சோர்வு, திங்கட்கிழமை வீட்டு ஜெபத்துக்குச் சோர்வு. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் அந்தச் சோர்வு எங்கே போகிறது? இரவு இரண்டு மணிக்கும் கார் கிளம்புகிறதே!

குருமனைப் பெண்:

அண்ணாச்சி, அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கும் தூக்கம் வரும். எந்தக் கட்சியில் நிற்கவில்லை என்றாலும் எதிர்க்கட்சி என்று எழுதப்பட்டு, அடுத்த மே மாதம் மூட்டை கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. தேர்தலே ஊழியம் என்று இருப்பவர்களும் உண்டு. ஆனால் பயத்தில் போகிறவர்கள்தான் அதிகம்.

நான் ஒரு குருவானவரின் மனைவி. குருமனை எங்கள் வீடு அல்ல, சபையின் வீடு என்பதை வந்த முதல் வாரத்திலேயே புரியவைத்துவிடுவார்கள். அழைப்பு மணியை அடிக்காமல் சமையலறை வரை வந்து, "என்ன ஐயரம்மா, இன்றைக்கு மீனா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அன்புக்கு நேரம் காலம் கிடையாது. என் மகள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். இடமாற்றத்துக்குக் கட்டிய அட்டைப் பெட்டிகளில் சிலவற்றை நான் பிரிப்பதே இல்லை. மேலே "கிறிஸ்மஸ் நட்சத்திரம், பழைய ஆல்பம்" என்று எழுதி ஒட்டியது ஒட்டியபடி அடுத்த குருமனைக்குப் போகிறது.

என்னையும் யாரும் கேட்காமலேயே பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். அவருடைய சம்பளத்தில் என் வேலையும் அடக்கம்.

எல்லோரும் மோசேயின் மாமனார் எத்திரோவைச் சொல்வார்கள், இங்கும் யாராவது சொல்லப் போகிறீர்கள். மாமனார் வந்தார், மோசே காலைமுதல் மாலைவரை நியாயம் விசாரிப்பதைப் பார்த்தார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்லி ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் அதிபதிகளை வைக்கச் சொன்னார். நிர்வாகப் பாடமாக எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்! ஆனால் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார், மறுநாள்தான் வேலையைப் பற்றிப் பேசினார். இந்தப் பகுதியை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

செயலர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். விடுப்புக் கொடுத்தால் குருமனையில் இருந்துகொண்டே எடுக்கச் சொல்லாதீர்கள். அது விடுப்பு ஆகாது.

கடல்கடந்தவன்:

டெக்சாஸில் இருக்கிறேன். இங்குள்ள கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். பார்னா ஆய்வு நிறுவனம் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் போதகர்களிடம், "கடந்த ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிடலாமா என்று தீவிரமாக யோசித்தீர்களா?" என்று கேட்டது. 2021 ஜனவரியில் ஆம் என்றவர்கள் 29 விழுக்காடு. 2022 மார்ச்சில் 42 விழுக்காடு. காரணங்களில் வேலையின் பெரும் அழுத்தம் முதலிடம், தனிமை அடுத்தது.

ஆனால் "மாதத்துக்கு 1,500 போதகர்கள் ஊழியத்தை விடுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். லைஃப்வே ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓய்வும் மரணமும் நீங்கலாக வேறு காரணத்துக்காக ஊழியத்தைவிட்டு வெளியேறும் மூத்த போதகர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கவலை தருகிறது. போகலாமா என்று நினைப்பவர்கள் ஏராளம், போகிறவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் அதே மனநிலையோடு அடுத்த ஞாயிறும் பிரசங்க பீடத்தில் ஏறுகிறார்கள்.

தனிச் சபைப் போதகர்:

நீங்கள் எல்லோரும் கமிட்டி, விடுப்பு, தீர்மானம் என்று பேசுவதை ஒருவிதப் பொறாமையோடு வாசிக்கிறேன். எனக்குக் கடிதம் கொடுக்க ஆள் இல்லை. நான் தொடங்கிய சபை, வாடகைக் கட்டடம், தகரக் கூரை. ஞாயிறு இரண்டு ஆராதனை, செவ்வாய் பெண்கள் கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். 2020-இல் ஊரடங்கு வந்ததும் ஆராதனையைக் கைபேசியில் நேரலையாகக் காட்டத் தொடங்கினோம். ஊரடங்கு போனது, நேரலை போகவில்லை. இப்போது ஆராதனை நடத்திக்கொண்டே ஒலி சரியாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விடுப்பு எடுத்தால் என்ன ஆகும்? ஓய்வு நல்லது என்று வசனம் எனக்கும் தெரியும். ஆனால் நான் இல்லாத ஞாயிற்றில் காணிக்கைப் பையில் விழுவது பாதி. அடுத்த தெருவிலேயே இன்னொரு சபை, அங்கே சிறப்புச் செய்தியாளர் வந்துவிட்டால் என் விசுவாசிகளில் சிலர் அங்கே போவார்கள். திரும்பி வருவார்களா என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். பி.எஃப். இல்லை, ஓய்வூதியம் இல்லை. மாதச் சம்பளமும் குருமனையும் உள்ளவர்கள் ஓய்வைப் பற்றிப் பேசுவது எளிது. கோபமாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை வேறு. என் மனதில் உள்ளதை யாரிடம் சொல்வது? விசுவாசிகளிடம் சொன்னால் அடுத்த வாரமே "பாஸ்டருக்கே விசுவாசம் இல்லை". வட்டாரப் போதகர் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகச் சொன்னால் அது மாலைக்குள் மூன்று சபைக்குப் போய்விடும். மனைவியிடம் சொல்லலாம், ஆனால் அவளும் அதே சுமையைத்தான் சுமக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கி ஸ்பர்ஜனை மேற்கோள் காட்டாத பிரசங்கி இல்லை. அந்த ஸ்பர்ஜன் 1856 அக்டோபரில், 22 வயதில், லண்டன் சர்ரே கார்டன்ஸ் அரங்கில் பிரசங்கித்தபோது யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த அடி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஊழியரின் மனச்சோர்வைப் பற்றித் தன் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தனி விரிவுரையே கொடுத்தார். பிற்காலத்தில் குளிர்காலம் வந்தால் பிரான்ஸின் மான்டோன் நகருக்கு ஓய்வுக்குப் போனார், அங்கேயே 1892-இல் 57 வயதில் காலமானார். அவருடைய பிரசங்கங்களை எடுத்துக்கொண்டோம், அவருடைய குளிர்கால ஓய்வை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தாதி:

பாஸ்டர், நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது: சொல்ல ஆள் இல்லை என்பது. எங்கள் பிரிவுக்கு வருகிற போதகர்களில் பலர் வெளியூரிலிருந்துதான் வருகிறார்கள். உள்ளூரில் காத்திருப்பு வரிசையில் விசுவாசி யாராவது பார்த்துவிடுவார் என்ற பயம். வெளியூர் என்றாலும் பரவாயில்லை, போவதுதான் முக்கியம். மருத்துவர் வெளியே சொல்ல மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படியே உங்கள் விவரம் இரகசியம்.

ஓய்வுபெற்ற குரு:

இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். நான் பல சேகரங்களில் இருந்து ஓய்வுபெற்றவன். சைக்கிளில் போன காலமும் தெரியும், மூப்பர் சொல்கிற ஐயர்மாரையும் தெரியும். அவர்களில் சிலர் வீட்டில் பேசாமலேயே வருடக்கணக்கில் இருந்ததை அவர்கள் பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் கொடுக்கவில்லை என்பதால் சோர்வு இல்லை என்று ஆகிவிடாது, மூப்பர் ஐயா. அன்றைக்குச் சைக்கிளில் ஊர் போய்ச் சேர்கிற வரைக்குமாவது தனிமை இருந்தது. இப்போது அந்த நேரத்திலும் கைபேசி அடிக்கிறது.

பவுலைச் சொன்னீர்கள். நல்லது. நீங்கள் சொன்ன வசனம் கொரிந்து சபைக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தில் வருவது. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குப் பாரம் ஏறியது என்று அவரே எழுதுகிறார். மறைக்கவில்லை. அவர் தனியாகவும் போகவில்லை: பர்னபா, சீலா, தீமோத்தேயு, கூடவே லூக்கா. லூக்கா வைத்தியன் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் மண்ணிலேயே பாருங்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். மொழி கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார், சிறையிலும் இருந்தார். 1719-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. உடல்நலம் கெட்டது ஒரு பக்கம். கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகத்திலிருந்து வந்த கடுமையான கடிதங்கள் இன்னொரு பக்கம். கடலில் இருந்தவனுக்குக் கரையில் இருந்தவன் உபதேசம் எழுதினான். நாம் அவர் சாதனையைத்தான் கொண்டாடுகிறோம்; அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைக்கும் ஐயர்மாரை நோகடிப்பது சாவு வீடும் ஆஸ்பத்திரியும் அல்ல, கூட்டங்களும் மொட்டைக் கடிதங்களும்தான்.

இன்னொரு மிஷனரியான ஷ்வார்ட்ஸ் ஐயர் 1750-இல் வந்தார், 1798-இல் தஞ்சாவூரில் காலமானார். 48 ஆண்டுகள். அவர் உடல் வலுவா, மன வலுவா, அது வேறு விஷயம். ஆனால் அவர் எல்லா இடத்துக்கும் தானே ஓடவில்லை. உபதேசிமாரை உருவாக்கி அனுப்பினார். பாளையங்கோட்டைச் சபைக்குச் சத்தியநாதனை அனுப்பினார், 1790-இல் அவருக்குக் குருப்பட்டமும் கிடைத்தது. திருநெல்வேலிச் சபைகளின் வேரில் இருப்பது இந்தப் பகிர்வு.

செயலருக்கு என் யோசனை. விடுப்பைப் பற்றி மட்டும் பேசினால் கமிட்டி ஒரு மாதம் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். அவர் திரும்பி வரும்போது அதே ஒன்பது சபை, அதே இரண்டு பள்ளிக்கூடம், அதே வழக்கு. ஆறு மாதத்தில் மறுபடியும் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். எனவே வேலையைப் பிரியுங்கள். திருவிருந்து, ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றுக்குக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். அது அவர் வேலை. மற்றதில் எத்தனை அவர் செய்தே ஆக வேண்டியது? நிலவழக்குக்கு வக்கீலோடு போக ஒரு கமிட்டி உறுப்பினர் போதும். பள்ளிக்கூடக் கடிதங்களை எழுத ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் உங்கள் சபையில் இல்லையா? இருப்பார்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள். நோயாளிச் சந்திப்புக்கு இருவர் இருவராகப் பட்டியல் போடுங்கள். திருவிருந்தில் சேர இளையோரை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பாதியை ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எடுக்கலாம்.

இன்னும் ஒன்று. எண்ணாகமம் 8-இல் லேவியர் (ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தார்) ஐம்பது வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிவிடையை விட்டு ஓய வேண்டும் என்றும், அதன்பின் சகோதரரோடு காவல் காக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. தூக்குகிற வேலை போய், கூட நிற்கிற வேலை வருகிறது. நாமோ வயது ஏற ஏறப் பெரிய சேகரம் கொடுக்கிறோம், அதைப் பதவி உயர்வு என்கிறோம்.

மதுரைக் கத்தோலிக்கர்:

வேற்று சபைக்காரன் நுழைவதை மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 533-ஆம் பிரிவு பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறையில் இருக்கலாம் என்கிறது. ஆண்டுத் தியான நாட்கள் அதில் சேராது. 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுவார். நடைமுறையில் எங்களிடமும் களைத்துப்போன சாமியார்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல என்றாவது ஆகிவிட்டது. யாரும் கூட்டம் போட்டு விவாதிப்பதில்லை.

கணக்கர்:

செலவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் ஒரு சபைப் பொருளாளர். நான்கு ஞாயிறுகளுக்கு வெளியிலிருந்து ஒரு குருவானவர் வந்தால் பயணச் செலவும் காணிக்கையும் கொடுக்க வேண்டும். ஐயர் வெளியூரில் தங்க ஏதாவது கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தாலும் எங்கள் அசனத்தில் (சபை விருந்தில்) பிரியாணிக்கு மட்டும் ஆகிற செலவில் ஒரு பங்குதான் வரும். கமிட்டியில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் அசனக் கணக்கை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

தனிச் சபைப் பாஸ்டருக்கு: காணிக்கை நேராக உங்கள் கைக்கு வருவதுதான் உங்கள் கட்டு. நம்பகமான மூன்று பேரை வைத்து வங்கிக் கணக்கு தனியாகத் தொடங்கி, சபை உங்களுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கட்டும். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றிலும் அது வரும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம், முதலாளி தேவையில்லை.

சேகரச் செயலர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடங்கல்கள் இருக்கின்றன. ஒன்று, திங்கட்கிழமை யாராவது இறந்தால்? எங்கள் ஊரில் அடக்கத்துக்கு ஐயர் வரவில்லை என்றால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசும். இரண்டு, மூப்பர்களைப் பிரசங்கிக்கச் சொன்னால் ஒதுங்குகிறார்கள். பிரசங்கிக்க முன்வருகிறவர்களைக் கேட்க மக்கள் ஒதுங்குகிறார்கள்.

ஓய்வுபெற்ற குரு:

முதல் கேள்விக்கு: பக்கத்துச் சேகரத்தின் ஐயரோடு எழுத்து மூலமாகப் பேசி வையுங்கள். திங்கட்கிழமை உங்கள் ஊர் அடக்கத்துக்கு அவர் வருவார், அவருடைய ஓய்வு நாளான செவ்வாய்க்கிழமைக்கு உங்கள் ஐயர் போவார். இதை ஆலயத்தில் மூன்று ஞாயிறு அறிவியுங்கள், திருமண ஓலை வாசிக்கிற மாதிரி. மக்களுக்கு முன்பே தெரிந்தால் கோபம் பாதி குறையும். அப்படியும் சில குடும்பங்களுக்கு ஐயரே போக நேரும். நாற்பது வருடம் பாடகர் குழுவில் இருந்த தாத்தா இறந்தால் அவரால் வீட்டில் உட்கார முடியாது. போகட்டும். ஆனால் அந்த வாரத்தில் வேறொரு நாளை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை ஞாபகப்படுத்துவது செயலரின் வேலை. அவர் கேட்க மாட்டார்.

இரண்டாவதுக்கு: பிரசங்கிக்கக் கூச்சப்படுகிறவரிடம் முதலில் கிராமச் சபையில் ஒரு மாலை ஜெபத்தைக் கொடுங்கள். பதினைந்து பேர் இருப்பார்கள், பத்து நிமிடம் பேசினால் போதும். ஒரு வருடத்தில் தலைமை ஆலயத்துக்கு வந்துவிடுவார். கேட்க ஆளில்லாதவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

குருமனைப் பெண்:

ஐயா சொன்ன கடைசி வாக்கியத்துக்குச் சிரித்துவிட்டேன்.

செயலர் ஐயா, ஒரு சின்ன யோசனை. சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு நிர்வாகி ஐயராக இருந்தால் உடனே மாற்றுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கொடி மண்டபத்து விளக்கு எரியவில்லை என்று படம் அனுப்புகிறார்கள். அதற்கும் அவர்தான் "பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் போடுகிறார். விளக்குக்கு எலெக்ட்ரீசியன் எண்ணைக் குழுவில் போட்டு வையுங்கள்.

தனிச் சபைப் போதகர்:

கணக்கர் ஐயா சொன்னதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வங்கிக் கணக்கு வரை சம்மதம். மூன்று பேர் யார் என்பதில்தான் இரவெல்லாம் பேச்சு. ஓய்வுபெற்ற ஐயாவிடம் ஒரு கேள்வி: எங்களைப் போன்றவர்கள் மனம்விட்டுப் பேச வேறு சபைப் பிரிவைச் சேர்ந்த ஒரு குருவானவரைத் தேடலாமா? எங்கள் பக்கத்தில் அதைத் தவறாகப் பேசுவார்கள்.

ஓய்வுபெற்ற குரு:

பேசட்டும். வேறு பிரிவு என்பதே வசதி. அவருக்கு உங்கள் விசுவாசிகளைத் தெரியாது, உங்கள் சபையில் அவருக்கு ஆதாயமும் இல்லை. என் நெருங்கிய ஆலோசகர் ஒரு லுத்தரன் ஐயர். மாதம் ஒரு முறை சந்திப்போம், அவர் உபதேசம் எதுவும் சொல்ல மாட்டார், கேட்பார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிக்கொண்டு படுத்தபோது தேவதூதன் இரண்டு முறை தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். இரண்டாம் முறை சொன்ன காரணமும் "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது மட்டும்தான். விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பழைய மூப்பர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். தாதி அம்மா சொன்ன சீனிக் காபி என் வீட்டுக்காரிக்கு உறைத்துவிட்டது, இனி ஐயருக்குச் சீனியில்லாமல்தான் என்கிறாள். என் கருத்து முழுக்க மாறவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்க இதைச் சாக்காக வைக்கிறவர்கள் உண்டு, இருப்பார்கள். ஆனால் ஒன்பது சபைக்கு ஒரு ஆள் என்பது எங்கள் காலத்தில் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் உபதேசியார் இருந்தார். அதை நான் முதலில் கணக்கில் எடுக்கவில்லை என்று யாரும் குதிக்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

செயலர் தம்பி, தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தால் நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். "விடுப்பு மாதத்தில் திருமண்டலத் தேர்தல் சம்பந்தமான எந்த வேலையிலும் ஐயர் ஈடுபடக் கூடாது."

ஓய்வுபெற்ற குரு:

அருமையான வரி. "ஐயரும் கமிட்டி உறுப்பினர்களும்" என்று திருத்தி எழுதுங்கள், செயலர் தம்பி.